ஒரு கரு, இரு மனம்

நுழையும்முன்

பிள்ளையின் குணம் பிறப்பால் அமைவதா, வளர்ப்பால் அமைவதா என்னும் வினா மிகப் பழையது. குழந்தையின் அச்சத்துக்கும் துயரத்துக்கும் சினத்துக்கும் இவ்வினா பொருந்தும். விடை தெரியாத இடத்தில் பழி எளிதாக யார்மீதேனும் விழுந்துவிடுகிறது. இரட்டையரைக் கொண்டு விடை தேடிய ஆய்வுகள் சிலரைப் பழியிலிருந்து விடுவித்தன. சிலருக்குப் பொறுப்பை உணர்த்தின. அவ்வாய்வுகளின் முறையையும் முடிவுகளையும் இப்பாடம் விளக்குகிறது.

இரண்டு பழமொழிகள்

‘தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை’ என்பது நம் மக்கள் வழங்கும் பழமொழி. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்பதும் அவர்கள் வழங்குவதே. முன்னது பிறப்பின் வலிமையைக் கூறுகிறது. பின்னது வளர்ப்பின் வலிமையைக் கூறுகிறது. இரண்டும் ஒரே வீட்டுத் திண்ணையில், ஒருவர் வாயிலிருந்தே கூடப் பிறக்கும். பிள்ளை நன்றாக இருந்தால் ‘குடும்பத்து இரத்தம்’ என்கிறோம். பிள்ளை தடுமாறினால் ‘வளர்த்த முறை சரியில்லை’ என்கிறோம்.

அன்றாடப் பேச்சில் இத்தகைய முரண்பாட்டால் பெருந்தீங்கு நேர்வதில்லை. ஆனால் ஒரு குழந்தை காரணமின்றி அஞ்சும்போது, உறக்கமின்றித் தவிக்கும்போது, எவரோடும் பேசாமல் ஒதுங்கும்போது, காரணத்தைத் தவறாகக் கூறுவது அக்குழந்தைக்கும் குடும்பத்துக்கும் பெருந்துன்பமாக முடியும். பிறப்பே காரணம் எனக் கருதினால், செய்யக்கூடிய உதவியையும் செய்யாமல் விட்டுவிடுவோம். வளர்ப்பே காரணம் எனக் கருதினால், குற்றமற்ற பெற்றோரைக் குற்றவாளியாக்குவோம்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிதன்று. பெற்றோர் தம் பிள்ளைக்கு மரபணுக்களையும் தருகின்றனர். வளரும் வீட்டையும் தருகின்றனர். அச்சமிகுந்த தாயின் மகள் அச்சமிகுந்தவளாக இருந்தால், அது தாயின் மரபணுவால் வந்ததா, தாயைப் பார்த்துப் பார்த்துக் கற்றதா என்பதை அக்குடும்பத்தை மட்டும் நோக்கிக் கூற இயலாது. நூலும் நெசவும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காண அறிவியலாளர் கைக்கொண்ட வழிகளுள் முதன்மையானது இரட்டையர் ஆய்வு.

இயற்கை நடத்தும் சோதனை

இரட்டையர் இருவகைப்படுவர். கருவுற்ற ஒரே முட்டை தொடக்க நாள்களிலேயே இரண்டாகப் பிரிந்து இரு குழந்தைகளாக வளர்ந்தால், அவர்கள் ஒருகரு இரட்டையர். இவர்களுடைய மரபணுத் தொகுதி ஏறத்தாழ முழுவதும் ஒன்றே. இருவரும் ஒரே பாலினத்தவராகவே இருப்பர், உருவத்திலும் ஒத்திருப்பர். தாயின் இரண்டு முட்டைகள் தனித்தனியே கருவுற்று ஒரே காலத்தில் வளர்ந்தால், அவர்கள் இருகரு இரட்டையர். மரபணுவைப் பொறுத்தவரை இவர்கள் மற்ற உடன்பிறப்புகளைப் போன்றவர்களே. மனிதர்களிடையே வேறுபடக்கூடிய மரபணுக்களில் சராசரியாகப் பாதியை மட்டுமே இவர்கள் பகிர்ந்துகொள்கின்றனர்.

இந்த வேறுபாட்டில்தான் ஆய்வின் அடிப்படை உள்ளது. இருவகை இரட்டையரும் ஒரே கருப்பையில், ஒரே காலத்தில் வளர்கின்றனர். ஒரே வீட்டில், ஒரே பெற்றோரிடம், ஒரே வயதில் வாழ்கின்றனர். ஆனால் ஒருவகையினர் மரபணு முழுவதையும் பகிர்கின்றனர். மற்றொரு வகையினர் பாதியைப் பகிர்கின்றனர். எனவே, ஒரு பண்பில் ஒருகரு இரட்டையர் இருகரு இரட்டையரைவிட மிகுதியாக ஒத்திருந்தால், அப்பண்பில் மரபணுவின் பங்கு உண்டு எனக் கொள்ளலாம். இருவகையினரும் ஒரே அளவு ஒத்திருந்தால், மரபணுவின் பங்கு சிறிது. வீடும் வளர்ப்புமே பெரிது எனக் கொள்ளலாம். மனிதர்கள் திட்டமிட்டு நடத்த முடியாத, நடத்தவும் கூடாத ஒரு சோதனையை இயற்கையே நடத்திக் காட்டுகிறது.

தெரிந்து தெளிவோம்
உலக அளவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 இலட்சம் இரட்டையர் இணைகள் பிறக்கின்றன. 1000 பேறுகளில் ஏறத்தாழ 12 இரட்டைப் பேறுகள். ஒருகரு இரட்டையர் பிறக்கும் வீதம் உலகெங்கும் ஏறத்தாழ ஒரே அளவாக, 1000 பேறுகளுக்கு நான்காக உள்ளது. இருகரு இரட்டையர் பிறக்கும் வீதமே நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது.

முறை உருவான வரலாறு

இரட்டையரைக் கொண்டு பிறப்பின் பங்கையும் வளர்ப்பின் பங்கையும் அறியலாம் என்னும் கருத்தை 1875ஆம் ஆண்டு இங்கிலாந்து அறிஞர் பிரான்சிஸ் கால்டன் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். இரட்டையருக்கும் அவர்தம் உறவினருக்கும் வினாப்பட்டியல் அனுப்பி விவரங்களைத் திரட்டினார். எனினும், இருவகை இரட்டையரின் ஒப்புமையை அளந்து ஒப்பிடும் இன்றைய முறையை அவர் உருவாக்கவில்லை. அம்முறை 1924இல்தான் வடிவம் பெற்றது. ஜெர்மனியைச் சேர்ந்த தோல்நோய் மருத்துவர் ஹெர்மன் வெர்னர் சீமன்ஸ், உடலிலுள்ள மச்சங்களின் எண்ணிக்கையை இரட்டையரிடம் ஆராய்ந்தபோது, ஒருகரு இரட்டையரின் ஒப்புமையை இருகரு இரட்டையரின் ஒப்புமையோடு ஒப்பிட்டார். மச்சங்களை எண்ணத் தொடங்கிய முறை, பின்னர் மனத்தின் இயல்புகளை அளக்கவும் பயன்பட்டது.

கணக்கிடும் வழி

இம்முறையின் கணக்கு எளியது. ஒப்புமையை 0 முதல் 1 வரையுள்ள ஓர் எண்ணால் குறிப்பர். இதனை ஒட்டுறவுக் கெழு என்பர். இருவரும் முற்றிலும் ஒத்திருந்தால் 1. தொடர்பே இல்லையெனில் 0.

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்துகொள்வோம். பதற்றம் என்னும் பண்பில் ஒருகரு இரட்டையரின் ஒப்புமை 0.60 எனவும், இருகரு இரட்டையரின் ஒப்புமை 0.40 எனவும் வைத்துக்கொள்வோம். இரண்டுக்குமுள்ள வேறுபாடு 0.20. இவ்வேறுபாடு மரபணுவில் பாதிப் பகிர்வுக்கு உரியது. எனவே, அதனை இரட்டித்தால் 0.40 கிடைக்கும். இதுவே மரபுப் பங்கு. எடின்பரோவில் பணியாற்றிய மரபியலாளர் டக்ளஸ் ஃபால்கனரின் பெயரால் இச்சூத்திரம் வழங்குகிறது.

ஒருகரு இரட்டையரின் ஒப்புமையான 0.60இல் மரபுப் பங்கான 0.40 போக எஞ்சுவது 0.20. இஃது இருவரையும் ஒத்தவராக்கும் பொதுச் சூழலின் பங்கு. வீட்டின் பொருளாதார நிலை, வாழும் தெரு, பெற்றோரின் கல்வி போன்றவை இதில் அடங்கும். மரபணுவும் வீடும் ஒன்றாக இருந்தும் ஒருகரு இரட்டையர் முழுமையாக ஒத்திருக்கவில்லை. முழுமைக்குக் குறைந்த 0.40, ஒருவருக்கு மட்டும் நேர்ந்து மற்றவருக்கு நேராத பட்டறிவுகளின் பங்கு. இதனைத் தனிச் சூழல் என்பர். அளவீட்டில் நேரும் பிழைகளும் இதனுள் சேர்ந்துவிடும்.

இம்முறைக்கு ஒரு தடையும் எழுப்பப்பட்டது. ஒருகரு இரட்டையருக்குப் பெற்றோர் ஒரே நிறத்தில் உடை அணிவிப்பர், ஒன்றுபோலவே நடத்துவர், அதனால்தான் அவர்கள் மிகுதியாக ஒத்திருக்கின்றனர் என்பது அத்தடை. ஆய்வாளர்கள் இதனையும் சோதித்தனர். உண்மையில் ஒருகரு இரட்டையராக இருந்தும், தவறுதலாக இருகரு இரட்டையர் எனப் பெற்றோரால் கருதப்பட்ட பிள்ளைகள் உள்ளனர். அவர்களை ஆராய்ந்தபோது, பெற்றோரின் எண்ணத்தைவிட உண்மையான கருவகையே ஒப்புமையைப் பெரிதும் முடிவு செய்வதாகத் தெரிந்தது. முறை குறையற்றதன்று, ஆயினும் நம்பத்தக்கது.

தாய்மீது விழுந்த பழி

இம்முறை ஒரு பெரும்பழியைத் துடைத்த வரலாறு நாம் அறிய வேண்டுவது.

1943ஆம் ஆண்டு லியோ கேனர் என்னும் மருத்துவர், பிறரோடு உறவாடுவதில் பெரிதும் இடர்ப்படும் குழந்தைகள் சிலரைப் பற்றி எழுதி, அந்நிலையை ஆட்டிசம் எனக் குறித்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் மேலைநாட்டு மருத்துவர் பலரிடம் ஒரு கருத்து வேரூன்றியது. தாயின் அன்பு வறண்டிருப்பதால்தான் குழந்தை இவ்வாறு தனக்குள் ஒடுங்குகிறது என்றனர். அத்தகைய பெண்களைக் ‘குளிர்பதனப்பெட்டித் தாயர்’ என்னும் கொடிய பெயராலும் குறித்தனர். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய நூல் இக்கருத்தை மேலும் பரப்பியது. குழந்தையின் நிலை கண்டு ஏற்கெனவே கலங்கியிருந்த தாய், அந்நிலைக்குத் தானே காரணம் என்னும் சுமையையும் தாங்க வேண்டியதாயிற்று.

1977இல் சூசன் ஃபோல்ஸ்டைன், மைக்கேல் ரட்டர் என்னும் இருவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். இணையில் ஒருவருக்கேனும் ஆட்டிசம் உள்ள ஒரே பாலின இரட்டையர் 21 இணையரைப் பிரிட்டனில் தேடிக் கண்டறிந்து ஆராய்ந்தனர். அவர்களுள் 11 இணையர் ஒருகரு இரட்டையர். 10 இணையர் இருகரு இரட்டையர். ஒருகரு இணையர் 11இல் 4 இணையரில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இருகரு இணையர் 10இல் ஓர் இணையரில்கூட இருவருக்கும் இல்லை. மொழி, அறிவு வளர்ச்சிக் குறைபாடுகளையும் சேர்த்து நோக்கியபோது, ஒருகரு இணையர் 11இல் 9 இணையரிலும் இருகரு இணையர் 10இல் ஒரே இணையரிலும் இருவரும் ஒத்திருந்தனர்.

இருபத்தொரு இணையர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அது காட்டிய உண்மை பெரிது. தாயின் அன்பின்மைதான் காரணம் என்றால், ஒரே தாயிடம் ஒரே வயதில் வளரும் இருகரு இரட்டையரும் ஒருகரு இரட்டையர் அளவுக்கு ஒத்திருக்க வேண்டும். அவ்வாறு இல்லை. பின்வந்த பெரிய ஆய்வுகள் மரபணுவின் பங்கை மேலும் உறுதிப்படுத்தின. தாய்மீது சுமத்தப்பட்ட பழி அறிவியலின் அவையில் நிற்கவில்லை. குற்றம் யாருடையது என்னும் வினா மறைந்து, குழந்தைக்கு எத்தகைய உதவி தேவை என்னும் வினா முன்வந்தது.

ஒரு வீடு, இரு சூழல்கள்

இவ்வளவோடு நின்றிருந்தால், எல்லாம் பிறப்பில் எழுதப்பட்டவை என்னும் முடிவுக்கு நாம் வந்திருப்போம். அதே இரட்டையர் முறை, மறுபக்கத்தையும் காட்டியது.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994, 1995ஆம் ஆண்டுகளில் பிறந்த 1,116 இரட்டையர் இணைகளை, அதாவது 2,232 குழந்தைகளை, டெர்ரி மாஃபிட், அவ்ஷலோம் காஸ்பி ஆகியோர் தொடங்கிய ஆய்வு பின்தொடர்ந்தது. ‘இ-ரிஸ்க்’ எனப்படும் இவ்வாய்வின் குழுவினர், குழந்தைகளின் 5, 7, 10, 12ஆம் வயதுகளில் அவர்களுடைய வீடுகளுக்கே சென்றனர். 18ஆம் வயதிலும் அவர்களைச் சந்தித்தனர்.

குழந்தைகளின் ஐந்தாம் வயதில் ஆய்வாளர் தாய்மாரிடம் எளிய வேண்டுகோள் ஒன்றை வைத்தனர். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஐந்து நிமிடம் தனித்தனியே பேசுமாறு கேட்டுக்கொண்டனர். அப்பேச்சைப் பதிவுசெய்து, அதில் வெளிப்படும் கனிவையும் வெறுப்பையும் மதிப்பிட்டனர். ஒருகரு இரட்டையர் 565 இணையரின் தரவுகளைக் கொண்டு 2004இல் முடிவுகள் வெளியாயின. ஒரே தாய், ஒரே மரபணு உடைய இரு பிள்ளைகளைப் பற்றியும் ஒன்றுபோலப் பேசவில்லை. யாரைப் பற்றிக் கனிவு குறைந்தும் கடுமை மிகுந்தும் பேசினாரோ, அப்பிள்ளையிடமே பிறரைத் துன்புறுத்துதல், விதிகளை மீறுதல் போன்ற நடத்தைச் சிக்கல்கள் பின்னர் மிகுந்து காணப்பட்டன.

குறும்பு மிகுந்த பிள்ளையைத்தானே தாய் கடிந்து பேசுவார் என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஆய்வாளரும் அதனை எண்ணினர். ஐந்தாம் வயதிலேயே பிள்ளைகளிடம் இருந்த நடத்தை வேறுபாட்டைக் கணக்கில் கழித்த பின்னரும் தாயின் மனப்போக்கின் விளைவு எஞ்சி நின்றது. மரபணு ஒன்றாக இருப்பதால், இவ்வேறுபாட்டை மரபணுவின்மீது சுமத்தவும் இயலாது. ‘ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு’ என நம் மக்கள் சொல்லும் பாகுபாடு, வெறும் மனக்குறையாக நின்றுவிடுவதில்லை; குழந்தையின் போக்கையே மாற்றக்கூடியது என்பதற்கு இவ்வாய்வு சான்றாயிற்று. ஒரே கூரையின்கீழ் வாழும் இரு பிள்ளைகள் ஒரே வீட்டில் வாழ்வதாகக் கருத முடியாது.

பள்ளியில் விழும் காயம்

இதே ஆய்வுத் தொகுதியைக் கொண்டு லூயிஸ் ஆர்சனோ என்பாரும் அவர்தம் குழுவினரும் 2008இல் மற்றொரு வினாவுக்கு விடை கண்டனர். உடன் பயிலும் மாணவர்கள் ஒரு குழந்தையைத் தொடர்ந்து கேலி செய்வதும் மிரட்டுவதும் ஒதுக்குவதும் எங்கும் நிகழ்கின்றன. இவ்வாறு துன்புறும் குழந்தைகளிடம் பதற்றமும் துயரமும் மிகுந்திருக்கக் காண்கிறோம். ஆனால், இயல்பாகவே ஒடுங்கிய குழந்தைகளைத்தான் மற்றவர்கள் சீண்டுகின்றனரா, சீண்டப்படுவதால்தான் அவர்கள் ஒடுங்குகின்றனரா?

இதற்கு விடை காண, இணையில் ஒருவர் சீண்டலுக்கு ஆளாகி மற்றவர் ஆளாகாத ஒருகரு இரட்டையரை ஆய்வாளர் ஒப்பிட்டனர். ஏழு முதல் ஒன்பது வயதுவரை சீண்டலுக்கு ஆளான பிள்ளையிடம், பத்தாம் வயதில், அச்சமும் துயரமும் ஒதுங்கும் போக்கும் உடன்பிறந்தவரைவிட மிகுந்திருந்தன. முன்பே இருந்த மனச்சிக்கல்களைக் கணக்கில் கழித்த பின்னரும் இம்முடிவு மாறவில்லை. இருவருக்கும் மரபணு ஒன்று, வீடு ஒன்று, வயது ஒன்று. ஒருவருக்கு மட்டும் அச்சம் மிகுந்ததென்றால், காயம் பள்ளி வளாகத்தில் விழுந்தது என்பதே பொருள்.

‘சும்மா விளையாட்டுக்குத்தான்’ எனச் சீண்டியவர் கூறுவதும், ‘அவன் பிறவியிலேயே தொட்டாற்சிணுங்கி’ எனப் பார்த்திருந்தவர் கூறுவதும் இச்சான்றின் முன் நிற்க மாட்டா.

காயத்தைக் காட்டிய ஆய்வே மருந்தையும் காட்டியது. லூசி போவ்ஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சீண்டலுக்கு ஆளான பிள்ளைகளுள் சிலர் மனம் தளராமல் மீண்டெழுவது ஏன் என ஆராய்ந்தனர். தாயின் கனிவு, உடன்பிறந்தோரின் அன்பு, வீட்டில் நிலவும் இணக்கம் ஆகிய மூன்றும் அப்பிள்ளைகளைக் காத்திருந்தன. சீண்டலுக்கு ஆளான ஒருகரு இரட்டையருள்ளும் தாயின் கனிவை மிகுதியாகப் பெற்றவரிடம் நடத்தைச் சிக்கல்கள் குறைந்திருந்தன. பள்ளியில் நேர்ந்ததை வீடு முழுவதும் அழிக்க முடியாமல் போகலாம்; ஆனால் தாங்கிக்கொள்ளும் வலிமையை வீடு தர முடியும்.

தெரியுமா?
ஸ்பெயின் நாட்டில் மேனெல் எஸ்டெல்லர் தலைமையிலான குழு, 3 வயது முதல் 74 வயதுவரையுள்ள ஒருகரு இரட்டையர் 40 இணையரை ஆராய்ந்து 2005இல் முடிவுகளை வெளியிட்டது. மரபணுக்கள் எங்கு, எவ்வளவு செயல்பட வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்தும் வேதிக்குறிகள் இளம் இரட்டையரிடம் பெரிதும் ஒத்திருந்தன; வயது முதிர்ந்த இரட்டையரிடம் வேறுபட்டிருந்தன. நீண்டகாலம் தனித்தனியே வாழ்ந்தவர்களிடம் அவ்வேறுபாடு மேலும் மிகுந்திருந்தது.

அச்சம் கைமாறும் வழி

அச்சமிகுந்த தாயின் மகளைப் பற்றித் தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு வருவோம். இதற்கு விடைகாண இரட்டையரின் பிள்ளைகளை ஆராயும் முறை உதவுகிறது.

ஒருகரு இரட்டையரான இரு சகோதரியருள் ஒருவருக்கு ஒரு மகள் இருப்பதாகக் கொள்வோம். அம்மகள் தன் தாயோடு எவ்வளவு மரபணுவைப் பகிர்கிறாளோ, அதே அளவைத் தன் சித்தியோடும் பகிர்கிறாள். ஏனெனில் தாய்க்கும் சித்திக்கும் மரபணு ஒன்றே. ஆனால் அவள் வளர்வது தாயின் வீட்டில். எனவே, பதற்றத்தில் அவள் தாயையும் சித்தியையும் ஒரே அளவு ஒத்திருந்தால் காரணம் மரபணு. சித்தியைவிடத் தாயை மிகுதியாக ஒத்திருந்தால் காரணம் உடன் வாழ்தல்.

தேலியா ஈலி என்பாரும் அவர்தம் குழுவினரும் சுவீடன் நாட்டில் 800க்கும் மேற்பட்ட இரட்டையர் குடும்பங்களின் தரவுகளைக் கொண்டு இதனை ஆராய்ந்து 2015இல் வெளியிட்டனர். வளரிளம் பருவத்துப் பிள்ளைகளிடம் பெற்றோரின் பதற்றம் கைமாறியதில் மரபணுவைவிட உடன் வாழ்தலின் பங்கே தெளிவாகத் தெரிந்தது. பெற்றோரின் பதற்றம் பிள்ளைகளின் கண்முன் நிகழ்கிறது. பிள்ளைகள் அதனைக் கற்றுக்கொள்ள வாய்ப்புண்டு. பிள்ளைகளின் பதற்றத்தைக் கண்டு பெற்றோரும் மேலும் அஞ்சலாம். கற்றதை மாற்றிக் கற்க முடியும் என்பதால், இம்முடிவு பெற்றோரைக் குறைகூறுவதற்கு உரியதன்று. நம்பிக்கை கொள்வதற்கு உரியது. பதற்றத்தால் துன்புறும் தாயோ தந்தையோ உரிய உதவியைப் பெறும்போது, அது பிள்ளைக்கும் செய்யும் உதவியாகிறது.

மரபு என்பது விதியன்று

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உலகெங்கும் நடந்த இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு பேராய்வு வெளிவந்தது. 2,748 ஆய்வறிக்கைகள், ஒரு கோடியே நாற்பத்தைந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் இணைகள், 17,804 பண்புகள் ஆகியவை அதில் அடங்கின. அனைத்துப் பண்புகளையும் சேர்த்து நோக்கியபோது மரபுப் பங்கின் சராசரி 49 விழுக்காடு. பிறப்புக்கும் சூழலுக்கும் இடையிலான நெடுங்கால வழக்கில், இருதரப்புக்கும் ஏறத்தாழச் சரிபாதி எனத் தீர்ப்பு வந்தது போன்றது இது.

இவ்வெண்ணைப் புரிந்துகொள்வதில் கவனம் வேண்டும். மனச்சோர்வில் மரபுப் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு என இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பு கூறுகிறது. மனச்சோர்வுற்ற ஒருவரின் துயரத்தில் 37 பங்கு மரபணுவால் வந்தது என்பது இதன் பொருளன்று. ஒரு மக்கள்தொகையில் மனிதருக்கு மனிதர் காணப்படும் வேறுபாட்டில், மரபணு வேறுபாடுகளால் விளக்கக்கூடிய பகுதி 37 விழுக்காடு என்பதே பொருள். தனி மனிதரைப் பற்றி இவ்வெண் எதுவும் கூறாது. மேலும், இது மாறா எண்ணும் அன்று. நாடும் காலமும் வாழ்க்கைநிலையும் மாறினால் இதுவும் மாறக்கூடும். இதனால்தான் ஐரோப்பிய முடிவுகளை அப்படியே எல்லா நாட்டுக்கும் பொருத்தாமல், இலங்கையின் கொழும்பு மாவட்டம் போன்ற இடங்களிலும் இரட்டையரிடையே மனநல ஆய்வுகள் நடத்தப்பட்டுள்ளன.

மரபணுவால் வருவதை மாற்ற முடியாது என்னும் எண்ணமும் தவறானது. பீனைல்கீட்டோனூரியா என்னும் நோய் முழுவதும் மரபணுக் குறையால் வருவது. கவனிக்காமல் விட்டால் குழந்தையின் மூளை வளர்ச்சி பெரிதும் பாதிக்கப்படும். ஆனால், பிறந்தவுடன் இரத்தச் சோதனையில் கண்டறிந்து, பீனைல்அலனின் என்னும் பொருள் மிகக் குறைந்த உணவைத் தொடர்ந்து கொடுத்தால் அக்குழந்தை நன்கு வளரும். பிறப்பில் வந்த குறையை உணவு என்னும் சூழல் தடுத்து நிறுத்துகிறது. காரணம் எங்கிருக்கிறது என்பது ஒரு வினா. உதவி எங்கிருந்து வரும் என்பது வேறொரு வினா.

ஆய்வும் அறமும்

இரட்டையர் ஆய்வின் வரலாற்றில் இருண்ட பக்கங்களும் உள்ளன. இத்துறையைத் தொடங்கிய கால்டனே, மனிதருள் சிலரது பிறப்பைப் பெருக்கவும் சிலரது பிறப்பைத் தடுக்கவும் வேண்டும் என்னும் ‘இனமேம்பாட்டு’க் கொள்கைக்கும் 1883இல் பெயர் சூட்டினார். அக்கொள்கை நாஜி ஜெர்மனியில் பேரழிவாக முடிந்தது. ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் ஜோசப் மெங்கலே என்னும் மருத்துவர் இரட்டைக் குழந்தைகளைக் கொடிய சோதனைகளுக்கு உட்படுத்தினார். அவர்களுள் பலர் உயிரிழந்தனர்.

போர் முடிந்த பின்னரும் தவறுகள் ஓயவில்லை. 1960களில் நியூயார்க்கில், தத்துக்கொடுக்கப்படவிருந்த ஒருகரு இரட்டையர் சிலரும், ஒரே பேற்றில் பிறந்த மூவரும் வெவ்வேறு குடும்பங்களில் வைக்கப்பட்டனர். மனநல மருத்துவர் பீட்டர் நியூபாவர் தலைமையிலான குழு அவர்களுடைய வளர்ச்சியைப் பல ஆண்டுகள் கண்காணித்தது. தத்தெடுத்த பெற்றோரிடம், குழந்தைக்கு உடன்பிறந்தவர் உண்டு என்பதே மறைக்கப்பட்டது. அம்மூவரும் 1980இல் தற்செயலாக ஒருவரையொருவர் கண்டபோது அவர்களுக்கு வயது 19. அவ்வாய்வின் ஆவணங்கள் யேல் பல்கலைக்கழகத்தில் 2065ஆம் ஆண்டுவரை மூடி வைக்கப்பட்டுள்ளன.

குழந்தையின் மனத்தை அறிவதற்காகக் குழந்தையின் மனத்தையே காயப்படுத்துவது அறிவியலாகாது. இன்றைய ஆய்வுகள் பெற்றோரின் ஒப்புதலையும் குழந்தையின் இசைவையும் பெற்ற பின்னரே தொடங்குகின்றன. விரும்பாதபோது விலகிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு உண்டு. இ-ரிஸ்க் ஆய்வில் பங்கேற்றோருள் 93 விழுக்காட்டினர் பதினெட்டாம் வயதிலும் தொடர்ந்து பங்கேற்றனர். ஒளிவுமறைவின்றி நடத்தப்படும் ஆய்வில் குடும்பங்கள் நம்பிக்கையோடு நிலைத்திருக்கும் என்பதற்கு இது சான்று.

நிறைவாக

இரட்டையர் ஆய்வுகள் நம்மிடம் இரண்டு உண்மைகளைச் சேர்த்துக் கூறுகின்றன. பிள்ளைகள் வெற்றுப் பலகைகளாகப் பிறப்பதில்லை. ஆகவே, பிள்ளையின் ஒவ்வோர் இடர்ப்பாட்டுக்கும் பெற்றோரைப் பழிப்பது முறையன்று. பிள்ளைகள் எழுதி முடித்த ஏடுகளாகவும் பிறப்பதில்லை. ஆகவே, நம் சொல்லும் செயலும் அவர்கள் மனத்தில் பதிகின்றன என்பதை மறப்பதும் முறையன்று. பழியை நீக்குவதும் பொறுப்பை ஏற்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.

மரபணு முழுவதும் ஒன்றாக இருக்கும் இருவரே இருவேறு மனத்தினராக வளர்கின்றனர் என்றால், ‘உன் அண்ணனைப் பார்’, ‘உன் தங்கையைப் பார்’ என உடன்பிறந்தோரை ஒப்பிடுவதில் என்ன நியாயம் இருக்கிறது? ஒவ்வொரு பிள்ளையும் தனக்கே உரிய பட்டறிவுகளால் உருவாகிறது. வகுப்பில் அருகில் அமர்ந்திருப்பவரின் பட்டறிவுகளில் நாமும் ஒரு பகுதி. அவருடைய தனிச் சூழல் என ஆய்வாளர் எண்ணால் குறிப்பதில் நம் கேலிச்சொல்லுக்கும் இடமுண்டு. நம் ஆறுதல் சொல்லுக்கும் இடமுண்டு. எதனை அங்கு வைப்பது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

தெரிந்து தெளிவோம்
மனத்துயரும் பதற்றமும் தொடர்ந்து வருத்தும்போது உதவி நாடுவது இழுக்கன்று. இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று, உலக மனநல நாளில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ சேவையை 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலும் பேசலாம். துன்புறும் குழந்தைகளுக்கு 1098 என்னும் உதவி எண் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. பிறப்பின் வலிமையையும் வளர்ப்பின் வலிமையையும் கூறும் பழமொழிகளை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுத் தொகுத்து, அவை குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

2. ஒரு பண்பில் ஒருகரு இரட்டையரின் ஒப்புமை 0.70, இருகரு இரட்டையரின் ஒப்புமை 0.45 எனக் கொண்டு, மரபுப் பங்கு, பொதுச் சூழல், தனிச் சூழல் ஆகியவற்றைக் கணக்கிடுக.

3. ‘விளையாட்டுக்குச் சொன்ன சொல்’ என்னும் தலைப்பில், சீண்டலுக்கு ஆளான மாணவர் ஒருவர் தம் நண்பருக்கு எழுதுவது போல ஒரு கடிதம் வரைக.

4. ‘பழியை நீக்குவதும் பொறுப்பை ஏற்பதும் ஒன்றுக்கொன்று மாறானவை அல்ல.’ இக்கூற்றைப் பாடத்தில் இடம்பெறும் ஆய்வுகளைச் சான்றுகாட்டி விளக்குக.